மாத்திரை தரும் அமைதியும் மனத்தின் சாட்சியமும்



மனக்கலக்கத்தைத் தணிக்கும் ஔஷதங்களைப் பற்றியும், அவை மனிதனுடைய உள்ளப் போக்கில் என்னென்ன மாறுதல்களை விளைவிக்கக்கூடும் என்பதைப் பற்றியும் இன்று மாலை பேசும்படி இச்சபையார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். இந்த விஷயத்தில் நம்மவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ‘நரம்பு மாத்திரை’ என்ற பெயரைக் கேட்ட அளவிலேயே, அதை உண்டவனுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று அஞ்சி, உறக்கமின்றியும் நெஞ்சுப் படபடப்போடும் ஆண்டுக்கணக்காக அவதிப்பட்டாலும் வைத்தியர் வாசலை மிதிக்காதவர்கள் ஒரு கட்சி. அண்டை வீட்டு அம்மாளுக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் கடையில் காட்டி வாங்கி, அரை மாத்திரை தனக்கும் அரை மாத்திரை தன் மாமியாருக்குமாகப் பகிர்ந்து கொள்பவர்கள் மற்றொரு கட்சி. நான் இரண்டிலும் சேர்ந்தவன் அல்லன். ஆகையால் இரு சாராருக்கும் என் பேச்சு முழுத் திருப்தி அளிக்காது என்பதை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து பலித்ததா என்பதை வெப்பமானி சொல்லும்; இரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தால் கருவி சொல்லும்; சர்க்கரை வியாதிக்குக் கொடுத்தால் விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தம் சொல்லும். கலக்கத்துக்குக் கொடுத்த மருந்தின் பலாபலனைச் சொல்வதற்கோ, நோயாளியின் மனத்தைத் தவிர வேறு கருவி கிடையாது. அந்த மனமோ மருந்து வேலை செய்கிற இடமாகவும் இருக்கிறது. சாட்சி சொல்ல வேண்டிய மனமே மருந்தின் வசப்பட்டிருக்கும்போது அந்தச் சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதுதான் இந்தத் துறையின் மூலாதாரமான சிக்கல் என்பது என் அபிப்பிராயம். இதில் நோயாளிகள் மட்டுமல்ல, வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் ஏமாந்திருக்கிறார்கள்; அந்தக் கதை நம் தேசத்து மூலிகை ஒன்றிலிருந்தே தொடங்குகிறது.

சர்ப்பகந்தி என்ற செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் சித்தப்பிரமைக்கும் உறக்கமின்மைக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், பைத்தியத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் இந்த வேர் நல்ல மருந்தாகும் என்று எழுதினார்கள். அது நம் நாட்டுப் பத்திரிகையில் வந்ததாலோ என்னவோ, வெளி தேசத்தார் யாரும் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பம்பாய் வைத்தியர் ரஸ்தம் ஜால் வக்கீல் என்பவர் 1949-இல் பிரிட்டிஷ் இதய வைத்தியப் பத்திரிகையில் தம் அனுபவத்தை வெளியிட்ட பிறகே மேல்நாட்டார் பார்வை இதன்மேல் விழுந்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் சீபா கம்பெனியின் ரசாயனிகள் அந்த வேரிலிருந்து ரெசர்ப்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அது இரத்தக் கொதிப்புக்கும், மனநோய் விடுதிகளில் அடங்காத ஆவேசத்துக்கும், வெளியே உலவுகிறவர்களின் சாதாரணக் கலக்கத்துக்கும் தாராளமாக வழங்கப்பட்டது.

அந்த உற்சாகம் தணியுமுன்பே ஒரு புகார் எழுந்தது. இரத்தக் கொதிப்புக்காக ரெசர்ப்பினை அதிக அளவில் நெடுநாள் உண்டவர்களில் சிலர் ஆழ்ந்த மனச்சோர்வில் வீழ்ந்ததை 1954-இல் அமெரிக்க வைத்தியர் எட்வர்ட் ஃப்ரைஸ் எடுத்துக் காட்டினார். மறு ஆண்டு, வாஷிங்டனை அடுத்த பெதஸ்டாவில் பெர்னார்ட் பிராடி என்பவரின் ஆராய்ச்சிசாலையில், ரெசர்ப்பின் மூளையிலுள்ள செரோட்டோனின் என்ற பொருளை வற்றச் செய்கிறது என்று கண்டார்கள். மருந்து உண்ட பிராணிகள் மூலையில் சுருண்டு அசைவற்றுக் கிடந்தன. மனிதர்கள் சிலர் வாழ்வில் விருப்பற்றுக் கிடந்தார்கள். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தபோது, இத்தகைய பொருள்கள் மூளையில் குறைவதே மனச்சோர்வுக்குக் காரணம் என்ற சித்தாந்தம் உருவாயிற்று. இன்றும் சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவற்றின் பின்னணியில் அந்தச் சித்தாந்தத்தின் நிழல் இருக்கிறது.

ஆனால் அதே 1955-ஆம் ஆண்டில், லண்டனில் டேவிட் டேவிஸ், மைக்கேல் ஷெப்பர்ட் என்ற இரு மனநோய் வைத்தியர்கள், கலக்கமும் சோர்வும் கலந்து வருந்திய நோயாளிகளுக்கு ரெசர்ப்பினைக் கொடுத்து, வெற்று மாத்திரை உண்டவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, மருந்து உண்டவர்களே தேறியதாக லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். சோர்வை உண்டாக்குவதாகக் குற்றம் சாட்டப்பட்ட மருந்து சோர்வைக் குறைத்தது என்ற அந்தச் செய்தியை அன்று காதில் போட்டுக் கொண்டவர்கள் மிகச் சிலர். பிற்காலத்தில் பழைய குறிப்புகளை நிதானமாகப் புரட்டிப் பார்த்தவர்கள், சோர்வு என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி உண்மையான மனச்சோர்வு அல்ல, மருந்து தரும் மந்தமும் உடல் தளர்ச்சியுமே என்றும், மெய்யாகவே சோர்வுற்றவர்களில் பலர் முன்பே ஒரு முறை அந்த நோயைக் கண்டவர்கள் என்றும் சொன்னார்கள். அசைவற்றிருப்பவனைக் கண்டு அவன் துக்கத்தில் இருக்கிறான் என்று வெளியிலிருந்து தீர்மானித்துவிட்டார்கள். அவனைக் கேட்டிருந்தாலும் அவனே சரியாகச் சொல்லியிருப்பானா என்பது வேறு விஷயம்.

இனி, இன்று வழக்கத்திலுள்ள மருந்துகளுக்கு வருவோம். 1955-இல் அமெரிக்காவில் மில்டவுன் என்ற பெயரோடு மெப்ரோபமேட் விற்பனைக்கு வந்தது. செக் நாட்டிலிருந்து ஹிட்லரின் ஆதிக்கத்துக்குத் தப்பி ஓடிவந்த ஃபிராங்க் பெர்கர், இங்கிலாந்தில் பென்சிலினைக் கெடாமல் காக்கும் பொருளொன்றைத் தேடியபோது, சோதனைக்கு ஊசி போட்ட எலிகள் விழிப்போடிருந்தும் சாதுவாகிவிட்டதைக் கவனித்ததிலிருந்து பிறந்தது அது. மருந்துக் கடைகளில் ‘மில்டவுன் தீர்ந்துவிட்டது’ என்று பலகை எழுதி மாட்டும் அளவுக்கு அது பிரசித்தி பெற்றது. அதையும் மறக்கடித்தவர் லியோ ஸ்டெர்ன்பாக். கிராகோவ் நகரத்தில் பயின்ற யூதர். பாசலின் ரோச் கம்பெனியில் சேர்ந்து, யுத்த காலத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்கு அனுப்பப்பட்டவர். சாயப் பொருள்களுக்காகத் தாம் வாலிபத்தில் ஆராய்ந்த ஒரு ரசாயன வர்க்கத்தை மீண்டும் எடுத்துத் துருவிப் பல சேர்மங்களைச் செய்தார், ஒன்றும் பலிக்கவில்லை, மேலதிகாரிகள் வேறு வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். 1957-இல் மேஜையைத் துப்புரவு செய்தபோது, சோதனைக்கே அனுப்பப்படாமல் கிடந்த ஒரு பொருள் தட்டுப்பட்டது. எறிவதற்கு மனம் வராமல் அதை அனுப்பினார்கள். அதுவே 1960-இல் லிப்ரியம் என்று வந்தது. அதன் தம்பியான டயசெபாம் 1963-இல் வேலியம் என்று வந்தது. நம் நாட்டில் டயசெபாமைக் காம்போஸ் என்ற பெயரில் அறியாத நடுத்தரக் குடும்பம் இருந்திராது. 1978-ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்காவில் சுமார் 230 கோடி வேலியம் மாத்திரைகள் விற்பனையாயின என்பது கணக்கு. அல்பிரசோலம், லோரசெபாம், குளோனசெபாம் என்று இன்று சீட்டில் எழுதப்படுபவை எல்லாம் இதே வமிசத்தைச் சேர்ந்தவை.

இவை செய்யும் வேலையை அறிந்தால்தான் மனநிலை மாற்றத்தின் காரணம் விளங்கும். மூளையில் நரம்பணுக்களின் வேகத்தை அடக்குவதற்கென்று காபா என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. தேர்த்திருவிழாவில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர் இல்லாவிட்டால் தேர் எங்கே போய் மோதும் என்பது உங்களுக்குத் தெரியும். காபா அந்த முட்டுக்கட்டைக்காரர். ஸ்டெர்ன்பாக் கண்ட வர்க்கத்து மருந்துகள் தாமாகக் கட்டை போடுவதில்லை. அவர் போடும்போது அவருடைய கைக்கு வலுவைக் கூட்டுகின்றன. அவற்றுக்கு முன்பிருந்த பார்பிட்டுரேட் மருந்துகளோ, அளவு மீறினால் அவரை விலக்கிவிட்டுத் தாமே கட்டையைப் போட்டு மூச்சையும் நிறுத்திவிடும். புதியவை தனியாக உண்டபோது அவ்வளவு எளிதில் உயிரைக் கொள்ளாததற்கு இதுவே காரணம். மதுவோடோ, அபின் இனத்து வலி மருந்தோடோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

இந்தக் காபா மூளையின் ஒரு மூலையில் மட்டும் இருப்பதன்று. அச்சம் எழும் இடத்திலும் இருக்கிறது. நினைவைப் பதிக்கும் இடத்திலும், நடையைச் சமன்செய்யும் இடத்திலும், நாவை அடக்கிப் பேசவைக்கும் இடத்திலும் இருக்கிறது. ஆகவே அச்சத்தை மட்டும் பொறுக்கி எடுத்து அடக்குகிற ஆற்றல் இம்மருந்துக்கு இல்லை. முதல் வேளை மாத்திரை உள்ளே போன அரைமணி அல்லது ஒருமணி நேரத்தில் பலருக்கும் பெரிய பாரம் இறங்கியது போல் இருக்கும். பல மாதங்களாக வராத உறக்கம் வரும். இந்த நன்மையை நான் குறைத்துப் பேச மாட்டேன். பீதியின் பிடியில் நெஞ்சடைத்துச் சாகப்போகிறோம் என்று நடுங்கிய ஒருவர் இரண்டு வாரத்துக்கு நிம்மதியாக இருந்து, அதற்குள் வேறு சிகிச்சை வேரூன்றுமானால், அது சிறந்த உபயோகம்.

வாரங்கள் மாதங்களாகும்போதுதான் மற்றவை தலைகாட்டுகின்றன. பயம் மங்கியவாறே மகிழ்ச்சியும் மங்கலாம். பேரன் பிறந்த செய்தி வந்தாலும் உள்ளம் துள்ளாது; நெருங்கியவர் இறந்தாலும் கண் நனையாது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் 1982 முதல் 1994 வரை, இம்மருந்துகளிலிருந்து விடுபட விரும்பியவர்களுக்கென்றே ஒரு மருத்துவமனைப் பிரிவை நடத்திய பேராசிரியை ஹெதர் ஆஷ்டன், நெடுநாள் உண்டவர்களிடம் இந்த உணர்ச்சி மரத்த நிலையைத் திரும்பத் திரும்பக் கண்டு பதிவு செய்திருக்கிறார். இதில் விசித்திரம் என்னவென்றால், அந்த நிலையில் இருக்கும்போது அவர்களில் பலர் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்பார்கள். மருந்து குறைந்து உணர்ச்சி திரும்பிய பிறகே, இத்தனை காலம் எதையோ இழந்திருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

வேறு சிலருக்கு வெறும் மங்கல் அல்ல, மெய்யான மனச்சோர்வே வருகிறது. அல்லது முன்பே பதுங்கியிருந்த சோர்வு, கலக்கம் என்ற மேல்போர்வை நீங்கியதும் வெளிப்படுகிறது. இரண்டில் எது என்று பிரித்தறிவது சுலபமன்று. பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழுவினர் 1988-இல் வைத்தியர்களுக்கு விடுத்த எச்சரிக்கையில், இம்மருந்துகளை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம் என்றதோடு, மனச்சோர்வுக்கோ சோர்வோடு கூடிய கலக்கத்துக்கோ இவற்றை மட்டும் தனியே கொடுக்கலாகாது என்றும், அப்படிக் கொடுப்பது தற்கொலைக்கு வழிகோலக்கூடும் என்றும் தெளிவாகச் சொன்னார்கள். அத்தகைய எண்ணம் எழுந்தவரை ஒரு கணமும் தனியே விடலாகாது. நம் மத்திய அரசாங்கம் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற ஏற்பாட்டில் 14416 என்ற எண்ணை எந்த நேரத்தில் அழைத்தாலும் தமிழிலேயே பேசலாம்.

இதற்கு நேர்மாறான விபரீதமும் உண்டு. மருந்து உண்டவர் சாந்தமடைவதற்குப் பதில் எரிந்து விழுவார். கூச்சம் மிக்கவர் கூச்சமின்றி ஏசுவார். சிறுவர்களும், வயது முதிர்ந்தவர்களும், இயற்கையிலேயே ஆத்திரம் அடங்காத சுபாவமுள்ளவர்களும் இதற்குச் சற்று அதிகமாக ஆளாகிறார்கள். லிப்ரியம் வந்த புதிதிலேயே வைத்தியர்கள் இதைக் கண்டு திகைத்தார்கள். நாவுக்கும் கைக்கும் உள்ளிருந்து விதிக்கப்படும் தடையும் அச்சத்தோடு சேர்ந்து தளர்ந்துவிடுவதால் இது நேர்கிறது என்று சொல்லலாம். நல்லவேளையாக இது அபூர்வம். ஆயினும், நிகழ்ந்தபின் மருந்து உண்டவருக்கே அது நினைவில் இராமல் போகலாம்; ஏனெனில் புதிய நினைவுகள் பதிவதையும் மருந்து தடுக்கிறது. ‘நான் அப்படிப் பேசவே இல்லை’ என்று அவர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை.

நிறுத்தும் காலத்தின் குழப்பம் இதைவிடப் பெரிது. பல மாதங்கள் மருந்தின் துணையோடு இயங்கிய மூளை, அந்தத் துணை திடீரென்று அகன்றால், அடக்குவாரின்றித் துடிக்கிறது: உறக்கமின்மை, நடுக்கம், படபடப்பு, அழுகை, சில வேளை வலிப்பும் கூட. இவற்றுள் பெரும்பாலானவை எந்த நோய்க்காக மருந்து தொடங்கப்பட்டதோ அந்த நோயின் லட்சணங்களே ஆதலால், ‘பார்த்தீர்களா, மாத்திரை இல்லாவிட்டால் எனக்கு முடியாது’ என்று நோயாளியும் நம்புகிறார், வைத்தியரும் நம்பிவிடுகிறார். அல்பிரசோலம் போன்று சீக்கிரம் உடலை விட்டுக் கழியும் மருந்துகளில், இரண்டு வேளைகளுக்கு இடையிலேயே இது ஒரு சிறு அளவில் நிகழ்ந்து, மாலை நான்கு மணிக்குக் காரணமின்றி மனம் இருண்டுவிடும்; அடுத்த மாத்திரை விழுந்ததும் தெளியும். டயசெபாமும் அதிலிருந்து உடலில் விளையும் பொருளும் நாட்கணக்கில் தங்குவதால் அதில் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. பார்பரா கார்டன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர், நெடுநாள் உண்ட வேலியத்தை ஒரே நாளில் நிறுத்தி, மனநோய் மருத்துவமனையில் சேர நேர்ந்த கதையை 1979-இல் தாமே புத்தகமாக எழுதினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தேசத்திலேயே, தெலுங்கானாவில், கள்ளில் அல்பிரசோலத்தையும் டயசெபாமையும் திருட்டுத்தனமாகக் கலந்து விற்பது நெடுநாளைய கொடுமை. 2015-இல் அதிகாரிகள் கெடுபிடி செய்து கலப்படத்தை நிறுத்தியபோது, தாம் எந்த மருந்தையும் உண்டதாகவே அறியாத ஏழை உழைப்பாளிகள் வலிப்போடும் பிதற்றலோடும் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். கள்ளின் வெறி என்று அவர்கள் நினைத்திருந்தது மருந்தின் வேலை. கள்ளை விட்ட கோளாறு என்று நினைத்தது மருந்தை விட்ட கோளாறு.

எல்லா மருந்துக்கும் இதே குற்றப்பத்திரிகையைப் படித்துவிட முடியாது. மேடை நடுக்கத்துக்கும் நெஞ்சுத் துடிப்புக்கும் கொடுக்கும் புரோபிரனலால் மனச்சோர்வை உண்டாக்குகிறது என்று 1967-இல் ஒருவர் எழுதப்போக, அது ஒரு தலைமுறைக் காலம் பாடப்புத்தகங்களில் நிலைத்தது. 2002-இல் அவ்வகை மருந்துகளின் 15 சோதனைகளை, 35,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு சேர்த்துப் பார்த்தபோது, வெற்று மாத்திரை உண்டவர்களைவிட இவர்களிடம் சோர்வு குறிப்பிடத்தக்க அளவு மிகுந்திருக்கவில்லை. உடல் அயர்ச்சி மட்டும் சிறிது கூடியிருந்தது. ரெசர்ப்பினில் கண்ட அதே மயக்கம்! நீண்ட காலக் கலக்கத்துக்கு இப்போது முதலில் எழுதப்படுபவை செரோட்டோனினைச் சார்ந்த மருந்துகள். அவை பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை என்றாலும் பலன் தர நான்கு, ஆறு வாரங்கள் ஆகும். முதல் பத்து நாளில் கலக்கம் கூடியது போலவும் தோன்றலாம். இளம் வயதினரிடம் தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் எழுகிறதா என்று கவனிக்க வேண்டும் என்பது 2004 முதல் அமெரிக்காவில் மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடப்படும் எச்சரிக்கை.

ஆகையால் நான் வேண்டுவது இதுதான். வீட்டில் ஒருவர் இத்தகைய மருந்தைத் தொடங்கும்போது, அவரோடு வாழ்கிற இன்னொருவரை, மனைவியோ மகனோ அக்காளோ, யாரையாவது ஒருவரை, அவர் சம்மதத்தோடு காவலாக நியமித்துக் கொள்ளுங்கள். வேவு பார்ப்பதற்கல்ல. தேதி போட்ட ஒரு குறிப்பேட்டில், உறக்கம் எப்படி, கோபம் எப்படி, காலையில் குளிப்பதற்கும் காப்பி குடிப்பதற்கும் விருப்பம் இருந்ததா, சிரித்தாரா, சொன்னதையே திரும்பச் சொன்னாரா, மாலை வேளையில் முகம் வாடியதா என்று நாலு வரி எழுதினால் போதும். மருந்து தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே எழுதத் தொடங்கினால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். முதியவர்களானால், தடுமாறினாரா என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு காரணம் தேடுவதில் பயனில்லை. மறதியைக் கண்டு வயது முதிர்ச்சி என்று எண்ணிவிடவும் வேண்டாம்.

சர்க்காரும் சும்மா இருக்கவில்லை. அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை 2014 முதல் எச்1 என்ற அட்டவணையில் சேர்க்கப்பட்டு, வைத்தியர் சீட்டின்றி விற்கக் கூடாதென்றும், வாங்குபவர் பெயரையும் எழுதியவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமென்றும் விதித்திருக்கிறார்கள். விதி நல்ல விதிதான்.

சபையிலிருந்து இரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. முதல் சீட்டில், மகளின் பரீட்சைக்கு முந்திய இரவு அரை மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கொடுக்க வேண்டாம், அதை உண்டபின் படிப்பது நினைவில் பதிவதையே அது கெடுக்கும்.

இரண்டாவது சீட்டு எழுதியவரின் தாயார் பல வருஷங்களாக இரவில் அல்பிரசோலம் உண்கிறாராம். இந்தப் பேச்சைக் கேட்டதும் நாளைக்கே நிறுத்திவிடலாமா என்கிறார். கண்டிப்பாகக் கூடாது. வைத்தியரைக் கலந்து, அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை, இரண்டு அல்லது நான்கு வாரங்களுக்கு ஒரு முறை குறைத்துக்கொண்டு வருவதே முறை. சிலருக்கு ஓராண்டும் ஆகலாம். நடுவில் உறக்கம் கெட்டால் அந்த அளவிலேயே சில காலம் நின்று, பிறகு மேலே செல்லலாம். அம்மாவோடு நீங்களும் வைத்தியர் அறைக்குள் செல்லுங்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், ஆயுர்வேதப் பொட்டலங்கள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். உறக்கத்துக்கென்று ஒரு வைத்தியரும், வயிற்றுக்கென்று இன்னொரு வைத்தியரும் வெவ்வேறு பெயரில் எழுதிக் கொடுத்த இரண்டு அட்டைகளில் ஒரே வர்க்கத்து மருந்து இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.